சென்னைத் தொழிலாளர் சங்கமும் 1926ஆம் ஆண்டுச் சட்டமும்

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களோடு பழகிவந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதற்கு வித்திட, பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றனர்.

முதல் உலகப் போரால் அரிசி, துணி விலைகள் ஏறியபோது, கையில் பெறும் பணக்கூலி ஓரளவு கூடியும், அதைக்கொண்டு வாங்கக்கூடிய பொருளின் அளவாகிய உண்மைக் கூலி தேய்ந்தது. ஆயினும் சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று கூலியைப் பற்றியதன்று. ஆயிரக்கணக்கானோர் கைகழுவி, உண்டு, வேலைக்குத் திரும்ப அரைமணி நேரம் போதாமையால், உணவு இடைவேளையை 40 நிமிடமாக்க வேண்டும் என்பதே அது. நிர்வாகம் அதற்கு இணங்கியது.

கூலி, வேலைநிறுத்தம் பற்றிய சிக்கல்கள் அவ்வளவு எளிதில் தீரவில்லை. 1920இல் ஆலை கதவடைக்கப்பட்டபின், வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்று சங்கத் தலைவர்கள்மீது நிறுவனம் நட்டஈட்டு வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின்படி தீங்குச் செயலாகக் கொள்ளப்பட்டமையால், 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. அவ்வாண்டே நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து, சங்கத்தின் ஒற்றுமை சாதியால் பிளவுண்டது.

சென்னை வழக்கு எழுப்பிய அச்சத்தைத் தொடர்ந்து, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென 1921இல் மத்திய சட்டமன்றத்தில் என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாகிய 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றதோடு, தொழில் தகராற்றின்போது ஒப்பந்த மீறலைத் தூண்டியதாகப் பதிவுபெற்ற சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குத் தொடுப்பதையும் தடுத்தது. நிர்வாகிகளுள் குறைந்தது பாதிப்பேர் அத்தொழிலில் பணிபுரிவோராக இருக்க வேண்டும் என்று வெளியார் தலைமைக்கு வரம்பும் கட்டியது. எனினும் பதிவுபெற்ற சங்கத்தை முதலாளி அங்கீகரித்துப் பேச்சு நடத்தியே ஆகவேண்டும் என்று அது விதிக்காததால், சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டம் தந்தபோதிலும், கூலியைப் பேசித் தீர்மானிக்கும் வலிமையைத் தொழிலாளர் தம் ஒற்றுமையாலேயே ஈட்ட வேண்டியிருந்தது.