நிவாரணத்தை எழுதினவங்களுக்கு யார் படியளந்தது?

2009 மே மாசம், வன்னியில போர் முடிஞ்ச சமயம். வவுனியா பக்கத்து முகாம்கள்ல ரெண்டரை லட்சம் பேருக்கு மேல முள்வேலிக்குள்ள இருந்தாங்க. நம்ம பத்திரிகைகள்ல அரசியல் இருந்துச்சு, அறிக்கைகள் இருந்துச்சு. குடிக்கத் தண்ணி வருதா, மழை பெய்ஞ்சா கூடாரம் தாங்குமா, கர்ப்பிணிகளைப் பார்க்க டாக்டர் உண்டா.. இதெல்லாம் லேசுல கிடைக்காது. அதுக்காக நான் போய்ப் படிச்ச இடங்கள்ல ஒண்ணு ஐரின் செய்தித் தளம். செய்திக்கு அடியில பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும்: இது ஐ.நா.வின் கருத்தாக இருக்கணும்னு அவசியமில்லை. ஐ.நா. நடத்துற தளமே ஐ.நா. கருத்து இல்லேங்குது, என்ன கூத்துடா இதுன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால இருந்த கதை பிற்பாடுதான் தெரிஞ்சது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1994, ருவாண்டா. நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி, அப்போது ஜயீர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோவின் கோமா நகரத்துக்குள் வந்து குவிந்தார்கள். காலரா வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உலகம் பூராவிலிருந்தும் நிவாரணம் வந்தது. ஆனா யாருக்கு சோறு போடுறோம்னே சரியாத் தெரியல. கொலை செஞ்ச கும்பலும் அந்தக் கூட்டத்தோட வந்து முகாம்களை ஆட்டிப் படைச்சுக்கிட்டு இருந்தது. அரிசியும் போர்வையும் போன வேகத்தில் தகவல் போகவில்லை.

அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் ஐரின். 1995ல் நைரோபியில், ஐ.நா.வின் மனிதநேய விவகாரத் துறை ஆரம்பித்தது. முதலில் காங்கோ, ருவாண்டா, புருண்டி வட்டாரம் மட்டும். மின்னஞ்சலில் செய்தித் தொகுப்பு அனுப்புவார்கள். பிறகு மேற்கு ஆப்பிரிக்கா, ஆசியா என்று விரிந்தது. பெரிய பத்திரிகைகளின் நிருபர்கள் கேமராவோடு கிளம்பிப் போன பிறகும் இவங்க ஆள் அங்கேயே இருப்பாங்க. அது பெரிய விஷயம்.

ஆனா ஒரு சிக்கல். நிவாரணத்தில் தப்பு நடந்தா எழுதணும். நிவாரணம் கொடுக்கிறதே ஐ.நா.வும் அதன் கூட்டாளிகளும்தான். சம்பளமும் அங்கிருந்துதான். மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாமியார் சமையலுக்கு விமர்சனம் எழுதுகிற கதை :-) எத்தனை நாள் ஓடும்? 2014 கடைசியோடு ஐ.நா. கையைக் கழுவியது.

அடுத்து நடந்ததைச் சினிமாவில் வைத்தால் நம்பமாட்டீர்கள். ஹாங்காங்கில் இருந்த ஜின்வெல் அறக்கட்டளை 2 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாக முன்வந்தது. அதன் பின்னால் இருந்தவர் ஜோ லோ. மலேசியப் பதிவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள்! ஆமாம், அதே ஜோ லோதான். 2015ல் மலேசிய அரசின் வளர்ச்சி நிதியான 1எம்டிபி ஊழல் வெடித்தது. 2016ல் அமெரிக்க நீதித்துறை கொடுத்த மனுவில் 350 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாகச் சொன்னார்கள். (பங்குச்சந்தை மோசடியைப் பற்றின 'தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படத்துக்கே அந்தப் பணம்தான் போச்சாம்.) ஜோ லோ குற்றச்சாட்டுகளை மறுத்தார். எது எப்படியோ, ஐரினுக்குச் சொன்ன தொகை முழுசா வரவே இல்லை. ஏழைநாட்டு உதவிப் பணம் எங்கே போகுதுன்னு கண்காணிக்கிற செய்தி நிறுவனத்துக்கு வாய்ச்ச புரவலரைப் பாருங்க.

அப்புறம் ஜெனீவாவுக்குப் போய், லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு, சில அரசுகளிடமும் அறக்கட்டளைகளிடமும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கித் தாக்குப் பிடித்தார்கள். 2019ல் பெயர் 'தி நியூ ஹ்யூமானிட்டேரியன்' ஆனது.

2020 செப்டம்பரில் இவர்களும் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு புலனாய்வை வெளியிட்டார்கள். காங்கோவின் பேனி நகரம். எபோலாவை ஒழிக்கப் போன நிவாரண ஊழியர்கள், வேலை தர்றேன்னு சொல்லிப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள் என்று 51 பெண்கள் வாய் திறந்திருந்தார்கள். அதிகமாக அடிபட்ட பெயர் உலக சுகாதார நிறுவனம். அந்த நிறுவனம் சுயேச்சையான ஆணையம் அமைக்க வேண்டி வந்தது. 2021 செப்டம்பரில் ஆணையம் கொடுத்த அறிக்கையில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 83 பேர் என்றும் அதில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்றும் இருந்தது. பழையபடி ஐ.நா. சம்பளத்திலேயே இருந்திருந்தா, அந்தப் பொடி எழுத்துக் குறிப்பை நம்பி இதை எழுதியிருக்க முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சுதந்திரம் வந்தாலும் காசு அதே தெருவிலிருந்துதான் வரணும். இந்தச் செய்திக்கு விளம்பரம் எவன் கொடுப்பான்? கார்டியன் பத்திரிகை 2010ல் வளர்ச்சிச் செய்திகளுக்கென்று தனிப் பகுதி தொடங்கியதும் கேட்ஸ் அறக்கட்டளை தயவில்தான். உதவி செய்யுற கைதான் அதை எழுதுற கைக்கும் கூலி கொடுக்குது. கை மூடினா ரெண்டும் சேர்ந்தே போகும்.

மூடவும் செய்தது. பணக்கார நாடுகளின் வளர்ச்சி உதவி 2024லேயே 7 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப் அன்றைக்கே வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தார். மார்ச்சில், யுஎஸ்எய்ட் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. ஜூலையோடு அந்த நிறுவனமே மூடுவிழா. 2025 பிப்ரவரியில் பிரிட்டனும் தன் பங்குக்கு, தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. யுஎஸ்எய்ட் நிதி மருந்து, கோதுமைக்கு மட்டும் போகவில்லை. 2023ல் 6,200 பத்திரிகையாளர்களுக்கும் 707 செய்தி நிறுவனங்களுக்கும் உதவி போயிருந்தது. பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள். மருந்து வராம கிளினிக் பூட்டினதைப் பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்து எழுதக்கூடியவங்க.

டிரம்ப் கையெழுத்துப் போட்ட ஒரே வாரத்தில், ஜனவரி 27 அன்று, எம்23 கிளர்ச்சிப் படை காங்கோவில் ஒரு நகரத்துக்குள் புகுந்தது. மறுபடியும் லட்சக்கணக்கில் ஜனங்கள் மூட்டை முடிச்சோட ஓட்டம். அந்த நாட்டின் நிவாரணத்துக்கு மிக அதிகமாகப் பணம் கொடுத்துவந்தது அமெரிக்காதான்.

அந்த நகரம், கோமா.