சுகமானதும் போகலாம்

தாத்தாவுக்கு ஈரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று தெரிந்த அன்று அப்பா எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "அவருகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது." வயிற்றில் புண் என்று சொல்லி வைத்தோம். தாத்தா மந்தின் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். ஒருநாள் என்னிடம், "பழைய லயத்த ஒரு தடவ பாத்துட்டு வரலாமாடா?" என்று கேட்டார். காரில் கால் மணி நேரம்தான். "சுகமானதும் போகலாம் தாத்தா" என்றேன். ஏழு வாரத்தில் போய்விட்டார்.

அவர் இறந்த பிறகுதான் எமானுவெல் பெர்கோ இயக்கிய 'தெ சோன் விவான்' (2021) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். 'உயிரோடு இருக்கும்போதே' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கணையப் புற்றுநோய் வந்த நடிப்பு ஆசிரியராக பெனுவா மஜிமெல், அவருடைய அம்மாவாக கத்ரீன் தெனுவ். மருத்துவராக வருபவர் நடிகரே இல்லை. காப்ரியேல் சாரா நிஜத்திலும் புற்றுநோய் மருத்துவர். குணமாக்க முடியாது என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்தே சொல்கிறார். கூடவே, கடைசி வரை உன்னோடு இருப்பேன் என்றும் சொல்கிறார். மிச்சமிருக்கும் நாளில் யாரிடம் என்ன பேச வேண்டும் என்று அவன் முடிவெடுப்பது அதற்குப் பிறகுதான்.

'அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்து வராது' என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1962இல் பாரிஸில் ஆக்னஸ் வர்தாவின் 'கிளியோ 5 முதல் 7 வரை' வந்தது. புற்றுநோயா இல்லையா என்ற பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகியின் கதை. அதே ஆண்டுதான் தமிழில் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. புற்றுநோயாளி வேணுவாக முத்துராமன். தான் இறந்துவிட்டால் நீ மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று மனைவி சீதாவிடம் அவனே பேச்சை எடுக்கிறான். கேட்கத் தாங்காமல் தவிப்பவள் சீதாதான். முடிவில் வேணு பிழைக்கிறான், மருத்துவர் இறந்துபோகிறார். அந்த முடிவு ஒரு சமாதானம்தான். ஆனாலும் சாகப்போகிறவன் தன் சாவைப் பற்றி வாய் திறந்து பேசலாம் என்பதைத் தமிழ் சினிமா அன்றைக்கே காட்டிவிட்டது. சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் திறந்தது 1967இல். வீட்டுக்கே வந்து நோயாளிகளைக் கவனிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா கோலாலம்பூரில் தொடங்கியது 1991இல். இரண்டுக்கும் முந்தியது ஸ்ரீதர் படம்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அந்தப் படமா? தோட்டத்துத் திடல்ல வெள்ளத் துணி கட்டிப் போட்டாங்களே. ஒங்க தாத்தா ரெண்டு நாளா அதையேதான் பேசிக்கிட்டு இருந்தாரு" என்றார்.

நமக்குப் பேசத் தெரியாது என்பது பொய். தாத்தாவுக்குப் பேசத் தெரியும். சீதா மாதிரி, கேட்கத் தாங்காதவர்கள் நாங்கள்தான். அவர் பயப்படுவார் என்று சொல்லி எங்கள் பயத்தைத்தான் மறைத்துக்கொண்டோம். நோயை மறைத்ததால் நோய் குறையவில்லை. குறைந்தது அந்தக் கால் மணி நேரப் பயணம்.

அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் லயத்தைப் பார்க்கக் கேட்டாரா? கூடவே இருந்தும் நான் கேட்கவில்லை.