மூன்று ஊரில் ஒரே மேடை



எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் ஒன்றுகூடலை முல்லைத்தீவு, வவுனியா, புத்தளம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் நடத்தி, சூம் மூலம் இணைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 1990இல் வெளியேற்றப்பட்ட நாங்கள் இன்றும் இந்த மூன்று இடங்களிலும் பிரிந்துதான் வாழ்கிறோம். அதனால் இது நல்ல யோசனைபோலத் தெரியும். முடிவெடுக்க முன்னர், ரெஸ்லிங் நடத்தியவர்கள் இதையே செய்து பார்த்த கதையை ஒருமுறை பார்ப்போம்.

எங்கள் மூத்தவர்கள் தாராசிங், கிங்கொங் என்ற இரண்டு பெயர்களையும் இன்னும் மறக்கவில்லை. தாராசிங் 1928இல் பஞ்சாப்பில் பிறந்து, சிங்கப்பூர் போய் மல்லரானவர். கிங்கொங் ஹங்கேரிக்காரர்; சொந்தப் பெயர் எமில் சாயா. 1950களில் இவர்களுடைய மல்யுத்தம் சிங்கப்பூர், மலாயா, பம்பாய், கொழும்பு என்று ஊர் ஊராகப் போனது. மல்லர்கள் அதே ஆட்கள்தான். ஊருக்கு ஊர் சனம்தான் புதிது. காசு கொடுத்துப் போனவர் அவர்களை நேரில் கண்டார். அதனால்தான் அந்தக் கதை இன்னும் வீடுகளில் பேசப்படுகிறது.

பிறகு செய்மதி வந்தது. 1976 ஜூன் 26, டோக்கியோ. எங்கள் வாப்பாமாரின் நாயகன் முஹம்மத் அலி, ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியுடன் மோதினார். அதே நிகழ்ச்சிக்காக நியூயோர்க்கின் ஷே மைதானத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அவர்கள் நேரில் பார்த்தது வேறு மோதல்கள். அலியைத் திரையில்தான் பார்த்தார்கள். இனோக்கி 15 சுற்றுகளில் பெரும்பகுதியும் தரையில் படுத்தபடி அலியின் கால்களுக்கு உதைத்தார். முடிவு சமநிலை.

பத்து வருடம் கழித்து, 1986 ஏப்ரல் 7 அன்று, இரண்டாவது ரெஸ்ல்மேனியாவை நியூயோர்க், சிக்காகோ, லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதிகளில் மூன்று அரங்குகளில் ஒரே இரவில் நடத்தினார்கள். ஒவ்வொரு அரங்கிலும் தனித்தனிப் பிரதான போட்டி. ஹல்க் ஹோகன் இரும்புக்கூண்டுக்குள் மோதியது லொஸ் ஏஞ்சல்ஸில். நியூயோர்க்கில் டிக்கட் வாங்கியவருக்கு அது திரையில்தான். மூன்றில் ஒரு பங்கு நேரில், மிச்சம் படம். அடுத்த வருடமே, 1987 மார்ச் 29 அன்று, எல்லாவற்றையும் மிச்சிகனில் ஒரே அரங்குக்குள் கொண்டுவந்தார்கள். 93,173 பேர் வந்ததாக அறிவித்தார்கள். மூன்று அரங்கு முறையை அவர்கள் திரும்பத் தொடவில்லை.

யார் வெல்வார் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் ஆட்டம்தானே என்று எங்கள் மாணவர்கள் சிரிப்பார்கள். உண்மைதான். ஆனால் சனம் எதற்காக வருகிறது என்பதை அந்த நிறுவனம்கூடப் பட்டுத்தான் படித்தது.

எங்கள் விடயமும் அதுதான். எங்களுக்கு அ, ஆ எழுதப் பழக்கிய சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் இப்போது எண்பது வயதாகிறது. சிலர் இன்னும் புத்தளத்தில். அவர்களைக் கைபேசித் திரையில் ஒரு சின்னச் சதுரமாகப் பார்த்து சலாம் சொல்லிவிட்டு, ஒன்றுகூடினோம் என்று சொல்ல முடியுமா? முன்னர் தள்ளாடியாவது வந்தவர்களால் இனி இவ்வளவு தூரம் பயணம் செய்யவும் முடியாது.

எனவே நாங்கள் தாராசிங்கின் வழியைக் கேட்கிறோம். ஒரே நாளில் மூன்று இடம் வேண்டாம். ஒரு பஸ் பிடித்து முதலில் புத்தளம் போவோம், அடுத்த மாதம் வவுனியா, கடைசியில் எங்கள் பாடசாலை மைதானம். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் சூம் இருக்கட்டும்.

செலவு கூடும், மறுக்கவில்லை. பஸ் செலவைப் பொறுப்பெடுக்கக் கூடியவர்கள் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அவர்கள் இருக்கும்போதே போய்வருவோம்.