எது ருசி என்று கேட்கலாமா? மழலையர்க்கான சுவைவழிக் கல்வி

மழலையர் வகுப்பில் ஒரு கிண்ணத்தில் மாம்பழத் துண்டும் இன்னொன்றில் பெட்டியில் அடைத்து விற்கும் மாம்பழப் பானமும் வைத்து, எது ருசி என்று கேட்பது வழக்கமான பாடமுறை. அந்தக் கேள்வியிலேயே பாடம் தோற்றுவிடுகிறது. இனிப்பை நாடுவதும் கசப்பை ஒதுக்குவதும் குழந்தைக்குப் பிறவிக் குணம். அந்த நாட்டத்துக்காகவே சர்க்கரையும் அமிலமும் மணமும் அளந்து கூட்டப்பட்டது பானம். போட்டி வைத்தால் பெரும்பாலும் அதுவே வெல்லும்.

நாக்கு மட்டும் தீர்ப்பளிப்பதுமில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் பெயர்பெற்ற துரித உணவு நிறுவனத்தின் உறையில் வந்ததையே பெரும்பாலும் சுவையானது என்றார்கள். சாதாரண உறையிலும் இருந்தது அதே உணவுதான். கேரட்கூட இதற்கு விலக்கில்லை. எனவே ருசிபார்க்கும் இடத்தில் உறையோ படமோ கண்ணில் படக்கூடாது.

குழந்தைகளின் உணவு விருப்பத்தை ஆராய்ந்த லீயான் பர்ச்சின் ஆய்வுகள் இங்கே இன்றியமையாதவை. அறியாத உணவை எத்தனை முறை சுவைக்கிறார்களோ அத்தனைக்கு இரண்டு வயதுக் குழந்தைகளின் விருப்பம் கூடுவதை அவர் 1982இல் காட்டினார். வெறுமனே பார்த்துப் பழகுவதால் சுவையில் விருப்பம் பிறப்பதில்லை என்று 1987 ஆய்வு தெளிவாக்கியது. சுவரில் காய்கறிப் படங்களை ஒட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒருநாள் உணவுத் திருவிழா நடத்தும் பள்ளிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பிரான்சில் ஜாக் புய்சே 1970களில் தொடங்கிய சுவை வகுப்புகள் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கானவை. நல்லது, கெட்டது என்று பிரிக்காமல், உணர்ந்ததைச் சொல்லப் பழக்கியதே அவற்றின் சிறப்பு. நம் பிள்ளைகளிடமும் ‘பல் கூசுதா? நார் தட்டுப்படுதா? துவர்க்குதா?’ என்றே கேட்க வேண்டும். மாங்காய், உப்பில் ஊறிய மாவடு, செந்தூரா, பங்கனபள்ளி, கடைசியாகப் பானம் என்று வரிசையாக வைத்தால், பழம் மரத்துக்கு மரம் வேறுபடுவதும் பானம் என்றும் ஒன்றுபோல் இருப்பதும் வாய்க்கே புலப்படும். பதப்படுத்துவது எல்லாமே கேடு என்ற பொய்யையும் மாவடு தகர்க்கும், அதுவும் பதப்படுத்தியதுதானே! பானத்தில் பழச்சாறு 10 விழுக்காடு இருந்தாலே விதிப்படி போதும் என்பதை ஆசிரியர் அறிந்திருக்கட்டும். மூன்று வயதில் எண் எதற்கு?

குழந்தைக்குப் பானமே பிடித்துப்போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பிடிக்கட்டும். விருப்பத்தை மறைக்கச் சொல்லிக்கொடுத்தால் குழந்தை உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும். அதன்பின் கற்பிக்க எதுவும் மிஞ்சாது.

இதைவிடக் கடுமையான சிக்கல் வேறொன்று. சுவை வகுப்பு முடிந்ததும் புதிய உணவுமீது பிள்ளைகளுக்குள்ள அச்சம் குறைந்ததையும், மாதங்கள் சென்றபின் அப்பயன் நிலைக்காததையும் பிரெஞ்சு ஆய்வாளர்களே பதிவுசெய்துள்ளனர். சுவைக் கல்வி தனி வகுப்பாக நிற்கும்வரை அதன் பயன் கரைந்துகொண்டுதான் இருக்கும். அங்கன்வாடியில் பிள்ளைகள் நாள்தோறும் சேர்ந்தே உண்கிறார்கள். அந்த மதிய உணவோடு ஒரு துண்டு பழமோ பச்சைக் காயோ சேர்த்து, உணவூட்டும் பணியாளருக்கே ‘பல் கூசுதா?’ போன்ற கேள்விகளைப் பழக்குவதுதான் செய்யத்தக்கது.