பழைய நிமிர் பியானோவின் காலமும் பிறப்பிடமும்

பழம்பொருளொன்றின் காலத்தை வரையறுக்க முற்படுவோர் முதலில் நாடுவது அதன்மேற் பொறிக்கப்பட்ட எழுத்தையே. கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் இம்முறை பெரிதும் பொருந்தும். ஆனால், ஆங்கில இல்லங்களில் வழிவழியாகப் பேணப்பட்டுவரும் நிமிர் பியானோவைப் பொறுத்தவரை முகப்பெழுத்தே மிகவும் ஐயத்துக்குரிய சான்றாகும்.

பியானோ என்னும் இசைக்கருவி 1700ஆம் ஆண்டளவிற் புளோரன்சு நகரிலே கிறிஸ்தோபோரி என்பவரால் ஆக்கப்பட்டது. அவர் செய்தவற்றுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் தந்திகள் கிடையாக அமைந்திருந்தன. கிடைப் பியானோவைத் தூக்கி நிறுத்தியது போன்ற நெடிய கருவிகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சில தோன்றினவெனினும், தந்திகளை நிலமட்டம்வரை இறக்கிச் சிறுமனைக்கு ஏற்றதாக்கிய பெருமை ஹோக்கின்ஸ், முல்லர் என்னும் இருவர்க்கும் உரியது. முன்னவர் பிலடெல்பியாவிலும் பின்னவர் வியன்னாவிலும் 1800ஆம் ஆண்டில் அதனைச் செய்தனர். ஆகவே, சிறிய நிமிர் பியானோவொன்று அதற்கு முற்பட்டதெனக் கூறுவார் கூற்று ஏற்கற்பாலதன்று.

விசைக்கட்டைகளின் மூடியிற் பொன்னெழுத்தாற் பொறிக்கப்பட்ட பெயர் ஆக்கியோன் பெயராகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை. விற்ற வணிகன் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளுதல் பெருவழக்கு. பெயருக்கு அருகிற் காணப்படும் பதக்கங்கள் மேலும் மயக்கந் தருவன. 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சிப் பதக்கம் பொறித்த கருவி அவ்வாண்டிலே பிறந்ததெனப் பலர் மகிழ்வர். பெற்ற பரிசைப் பல பதிற்றாண்டுகள் விளம்பரஞ் செய்வது வணிகர் இயல்பு. அக்கருவி 1851க்கு முற்பட்டதன்று என்பதே பதக்கத்தாற் பெறப்படும் உண்மை.

முகவரி இதனினுஞ் சிறந்த சான்று. புரோட்வுட் நிறுவனம் இலண்டன் கிரேட் புல்தெனி வீதியை விட்டகன்றது 1904இல். அவ்வீதியின் பெயர் தாங்கிய கருவி அதற்குப் பிற்பட்டதாதல் அரிது. பிறப்பிடத்தை அறிதற்கு 1887ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் குறிச் சட்டம் உதவும். ஆங்கிலப் பெயர் தாங்கி வரும் பிறநாட்டுப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டையும் குறித்தல் வேண்டுமென அது விதித்தது. யேர்மனியிற் செய்யப்பட்டதென்னும் குறிப்பு அச்சட்டத்தின் பின்னரே பெருகிற்று.

உள்ளுறுப்புகளும் பேசும், ஆயினும் அவற்றின் பேச்சையும் அளந்தே கொள்ளல் வேண்டும். ஒரே வார்ப்பாலான இரும்புச் சட்டகத்துக்குப் பொஸ்ரன் நகரத்துப் பப்கொக் 1825இல் உரிமை பெற்றார். தந்திகளை ஒன்றன்மேலொன்று குறுக்காகச் செலுத்தும் முறைக்கு ஸ்ரெயின்வே நிறுவனத்தார் 1859இற் கிடைப் பியானோவில் உரிமை பெற்றனர். நிமிர் பியானோவில் அந்நிறுவனத்தார் அம்முறையைப் பின்னரே கையாண்டனர். குறுக்குத் தந்தியுடைய நிமிர் பியானோ பெரும்பாலும் அதற்குப் பிந்தியதெனக் கருதலாம். நேர்த்தந்தியுடையது முந்தியதெனத் துணிதல் இயலாது. மலிவான ஆங்கிலக் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழைய முறையிலேயே செய்யப்பட்டன.

யாவற்றினும் உறுதியானது தொடரிலக்கம். சட்டகத்திலோ உட்பலகையிலோ முதற்கட்டையின் பக்கத்திலோ அது காணப்படும். நிறுவனத்தின் ஏடுகள் எஞ்சியிருப்பின் மட்டுமே அவ்விலக்கம் ஆண்டாக மாறும். புரோட்வுட் ஏடுகள் சறே மாவட்ட வரலாற்று நிலையத்திற் காக்கப்படுகின்றன. கருவி எந்நாளில் எவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டதென்பதையும் அவற்றுட் சில கூறும். இந்நிலையில், பழங்கருவியைப் புதுக்குவோர் கட்டைகளைச் சுரண்டி மெருகிட்டுத் தொழிலாளர் பென்சிலால் இட்ட பெயரையும் இலக்கத்தையும் அழித்துவிடுதல் ஏட்டையே கிழித்தெறிவதை ஒக்கும். திருத்தந் தொடங்குமுன் முதற்கட்டையையும் இறுதிக்கட்டையையும் வெளியே எடுத்து, அவற்றிலுள்ள எழுத்துகளைப் படியெடுத்து வைத்தல் தகும்.