அடுப்புச் சாம்பலும் பன்றிக் கொழுப்பும்

மாணவர்களே, சவர்க்காரத்தைக் கடையில வாங்கியே பழகிட்டோம். 18-ஆம் நூற்றாண்டு வட அமெரிக்கப் பண்ணை வீடுகளிலோ அது அடுப்புச் சாம்பலில் தொடங்கியது.

குளிர்காலம் முழுக்கச் சேர்த்த மரச்சாம்பலை, அடியில் துளையிட்ட பீப்பாயில் கொட்டி மழைநீர் ஊற்றுவார்கள். கீழே காரநீர் சொட்டும். அதில் முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். மூழ்கினால் காரம் போதாது. உச்சியில் சிறு வட்டம் மட்டும் தெரிய மிதந்தால் சரி. பிறகு பன்றிக் கொழுப்போடு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கணும். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை இது. காரநீர் பட்டால் தோல் வெந்துவிடும், சும்மா இல்லைங்க!

இங்கேதான் பலர் தவறுகிறீர்கள். மரச்சாம்பலில் மிகுதியாக உள்ளது பொட்டாசியம், சோடியம் அல்ல. ஆகவே கிடைத்தது கட்டியல்ல, கூழ்போன்ற மென்சவர்க்காரம். கட்டியாக வேண்டுமென்றால் உப்புச் சேர்க்க வேண்டும்.

சாம்பலுக்கு அவ்வளவு மதிப்பு! 1790-இல் அமெரிக்கா வழங்கிய முதல் காப்புரிமையே பொட்டாஷ் தயாரிப்புக்குத்தான். பெற்றவர் சாமுவேல் ஹாப்கின்ஸ். மறு ஆண்டே, உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குப் பிரான்சில் நிக்கோலா லெபிளாங் காப்புரிமை பெற்றார். அவருடைய ஆலையைப் புரட்சி அரசு பறித்துக்கொண்டது. ஆனாலும் அம்முறை பரவி, சோடா மலிவானது. தேர்வில் ‘சவர்க்காரத்தைக் கண்டுபிடித்தவர் லெபிளாங்’னு மட்டும் எழுதிடாதீங்க.