மலைச்சரிவில் இரண்டு மருத்துவமனைகள்

1952ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், திருச்சிலுவை மகிமை விழாவன்று, திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மருத்துவர் குழு ஒன்றுக்கு உரையாற்றினார். நரம்பு மண்டலத் திசுக்களின் நோய்க்கூறு பற்றிய முதல் பன்னாட்டு மாநாட்டுக்கு வந்திருந்தவர்கள் அவர்கள். நாலு வார்த்தை பாராட்டி, ஆசீர் அளித்து அனுப்பிவைக்கும் வழக்கமான சந்திப்பாக அது அமையவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் அறநெறி வகுக்கும் எல்லைகள் யாவை என்பதே திருத்தந்தை எடுத்துக்கொண்ட பொருள். புதிய முறைகளை மனிதர்மீது செய்துபார்க்க மருத்துவ உலகம் மூன்று நியாயங்களைச் சொல்கிறது என்றார் அவர்: அறிவியலின் நலன், நோயாளியின் நலன், சமுதாயத்தின் பொதுநலன். பிறகு அம்மூன்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார்.

அந்தத் தராசு ஏன் அவ்வளவு அவசியமாயிற்று என்பதை அறிய, கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகருக்குப் போக வேண்டும். மவுண்ட் ராயல் என்னும் சிறு மலையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் நகரம் அது. நகரைத் தோற்றுவித்த மேசனேவ் 1643இல் அம்மலைமீது நட்ட மரச்சிலுவையின் நினைவாக, 1924இல் எழுப்பப்பட்ட இரும்புச் சிலுவை இரவில் ஒளிவீசி நிற்கிறது. அதன் கீழே, மலைச்சரிவில், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவில் இரண்டு மருத்துவ நிலையங்கள். இரண்டும் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. இரண்டும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொடையால் தொடங்கப்பட்டு, பின்னர் பொதுமக்களின் வரிப்பணத்தையும் பெற்றவை. இரண்டிலும் மனித மூளைக்குள் மின்சாரம் செலுத்தப்பட்டது.

முதலாவது, 1934இல் திறக்கப்பட்ட மாண்ட்ரீல் நரம்பியல் நிலையம். வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் அறுவை மருத்துவரின் கனவு அது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 12 லட்சம் டாலருக்கும் மேலாகக் கொடுத்தது. கியூபெக் மாநில அரசும் மாண்ட்ரீல் நகராட்சியும் நிலையத்தை நடத்தும் செலவில் பங்கேற்றன. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகளுக்கு அங்கே அறுவை நடந்தது. மூளைக்குத் தன் வலியை உணரும் ஆற்றல் இல்லை. எனவே தலையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே பென்ஃபீல்ட் மண்டையோட்டைத் திறந்தார். மெல்லிய மின்முனையால் மூளையின் மேற்பரப்பை இடம் இடமாகத் தொட்டார். தொட்ட இடத்தில் எண் எழுதிய சிறு காகிதத் துண்டை வைத்தார். ஓரிடத்தில் விரல் துடித்தது, ஓரிடத்தில் நாக்கு மரத்தது, வேறோரிடத்தில் பேச்சு நின்றது. எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதை நோயாளியின் வாயிலிருந்தே அறிந்துகொண்டார். இன்றும் பாடநூல்களில் காணப்படும் அந்த விசித்திர மனித உருவம், பெரிய உதடும் பெரிய கைகளும் சிறிய உடலும் கொண்டது, அக்காகிதத் துண்டுகளின் பயனாய்ப் பிறந்ததே.

சிலர் எப்போதோ கேட்ட இசையை மீண்டும் கேட்டதாகச் சொன்னார்கள். அவை உண்மையான நினைவுகளா, மூளை அந்நேரம் புனைந்த காட்சிகளா என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் ஐயம் எழுப்பியுள்ளனர். என் மனத்தில் தங்குவது வேறொன்று. மின்முனை பட்டதும் நோயாளியின் கை தானாக அசையும். அதைப்பற்றிக் கேட்டால், அசைத்தது தாம் அல்ல, மருத்துவரே என்று நோயாளிகள் விடை சொல்வார்களாம். தமது கடைசிக் காலத்தில், 1975இல் வெளிவந்த நூலில், பென்ஃபீல்ட் இதை வியப்போடு பதிவு செய்தார். கையை அசைக்க மின்சாரத்தால் முடிந்தது. 'அசைக்க விரும்பினேன்' என்று நோயாளியைச் சொல்லவைக்க அதனால் முடியவில்லை.

பென்ஃபீல்டைப் புனிதராக்க வேண்டியதில்லை. அறுவைக்குத் தேவையான அளவுக்கு மேல் அறிவியல் ஆர்வத்தால் அவருடைய மின்முனை ஒரு கணம் கூடுதலாகத் தங்கியதோ என்று கேட்க இடமுண்டு. ஆனாலும் அந்த மேசையில் கிடந்தவர் விழித்திருந்தார், பேசினார். 'போதும்' என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.

இரண்டாவது நிலையம், சற்று மேலே, ரேவன்ஸ்கிராக் என்னும் பழைய மாளிகையில் 1943இல் தொடங்கிய ஆலன் நினைவு மனநல நிலையம். அதன் முதல் இயக்குநர் டொனால்ட் யூவன் கேமரன் உலகறிந்த மனநல மருத்துவர். திருத்தந்தை உரையாற்றிய அதே 1952இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். நாத்சி அதிகாரி ருடால்ஃப் ஹெஸ்ஸின் மனநிலையைப் பரிசோதிக்க 1945இல் நூரன்பர்க் நகருக்கு அழைக்கப்பட்டவரும் அவரே. நோயாளியின் மனமொத்த இசைவின்றி எந்தச் சோதனையும் கூடாது என்று 1947இல் முதலில் எழுதிவைத்த நீதிமன்றம் அமர்ந்ததும் அதே நூரன்பர்க்கில்தான். வரலாறு சில வேளைகளில் இப்படிக் கேலி செய்கிறது.

கேமரனின் எண்ணம் இது: நோயுற்ற மனத்தின் பழைய பதிவுகளை முற்றிலும் அழித்துவிட்டால் புதியவற்றை எழுதலாம். அதற்காக நோயாளிகளை மருந்தால் நாள்கணக்கில், சிலரை வாரக்கணக்கில், உறங்கவைத்தார். வழக்கமான அளவைப் பன்மடங்கு மிஞ்சிய மின்னதிர்ச்சிகளைத் தலையில் செலுத்தினார். பிறகு ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் ஆயிரக்கணக்கான முறை ஒலிக்கவிட்டார். மகப்பேற்றுக்குப் பின் வந்த மனச்சோர்வு, பதற்றம் போன்ற சாதாரணக் குறைகளுக்காக வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். என்ன நடக்கப்போகிறது என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லப்படவில்லை. வீடு திரும்பியபோது பலருக்கு வாழ்வின் பல ஆண்டுகள் நினைவில் இல்லை. பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாத தாய்மார் இருந்தனர்.

இப்போது திருத்தந்தையின் உரைக்குத் திரும்புவோம். அறிவு நல்லதே, ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான நன்மை அதுவன்று என்று அவர் தொடங்கினார். மருத்துவருக்கு நோயாளிமீது உள்ள உரிமை நோயாளி தரும் உரிமை மட்டுமே. நோயாளியோ தம் உடலுக்கும் மனத்துக்கும் முழு உடைமையாளர் அல்லர். அவற்றைப் பயன்படுத்தும் பொறுப்பாளர். ஆகவே தம் சுய முடிவெடுக்கும் ஆற்றலை நிரந்தரமாக இழந்து, இயங்கும் பொம்மையாகத் தாழ்ந்துபோகும் சிகிச்சைக்கு அவரே இசைந்தாலும் அது தகாது. மூன்றாவது நியாயமான பொதுநலனைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கூர்மையானது. கை, கால் போன்ற உறுப்பு உடலுக்காகவே இருக்கிறது. ஆனால் மனிதன் சமுதாயத்துக்கு அப்படிப்பட்ட உறுப்பு அல்லன். ஆகவே பொதுநலன் என்ற பெயரால் மாசற்ற ஒருவரின் உடலைச் சோதனைக்கு ஒப்படைக்க அரசுக்கு உரிமை இல்லை. போருக்குப்பின் நடந்த வழக்குகளை அவர் நினைவூட்டினார். கேட்டவர்கள் ஜெர்மனியை எண்ணியிருப்பார்கள். மாண்ட்ரீலை யார் எண்ணியிருக்க முடியும்?

பொதுநலன் என்ற சொல்லுக்கு அக்காலத்தில் மற்றொரு பொருளும் இருந்தது: நாட்டின் பாதுகாப்பு. பனிப்போர் நாள்களில் மூளை ஒரு போர்க்களமாகவே கருதப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியரான ஹோசே டெல்காடோவின் மூளைத் தூண்டல் ஆய்வுக்கு அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் பணம் தந்தது. 1963இல் அவர் ஸ்பெயினின் கோர்டோபாவில், மூளையில் மின்முனை பதித்த காளை ஒன்று தம்மேல் பாய்ந்து வருகையில் கையிலிருந்த வானொலிக் கருவியின் பொத்தானை அழுத்தி அதை நிறுத்திக் காட்டினார். உலகமே மலைத்தது. காளையின் கோபம் அடங்கவில்லை, அதன் உடல்தான் திசைதிருப்பப்பட்டது என்று பிற ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர்.

கேமரனுக்கோ அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., 1957 முதல், ஆராய்ச்சிக் கழகம் என்ற முகமூடி அணிந்த ஓர் அமைப்பின் வழியாகப் பணம் அனுப்பியது. மனத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளைத் தேடி 1953இல் தொடங்கிய எம்.கே. அல்ட்ரா என்னும் இரகசியத் திட்டத்தின் ஒரு கிளை அது. ஆனால் பழியை முழுவதும் அயல்நாட்டு ஒற்றர்மேல் போடுவது எளிது, சரியன்று. அதைவிடப் பெருந்தொகையைக் கனடா அரசின் நலவாழ்வுத் துறையே, ஒளிவுமறைவின்றி, ஆராய்ச்சி மானியமாகக் கொடுத்தது. விண்ணப்பம் வந்தது, பரிசீலிக்கப்பட்டது, பணம் போனது. படுக்கையில் கிடந்தவரிடம் கேட்டார்களா என்று எவரும் கேட்கவில்லை.

1973இல் எம்.கே. அல்ட்ராவின் கோப்புகளை அழித்துவிடும்படி சி.ஐ.ஏ. தலைவர் ஆணையிட்டார். ஆய்வுக் குறிப்புகள் அழிந்தன. ஆனால் பணம் கொடுத்த கணக்குகள் வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை யாரும் நினைக்கவில்லை. 1977இல் அப்படித் தப்பிய ஏறத்தாழ 20,000 பக்கங்கள் கிடைத்தன. அமெரிக்கச் செனட் சபை விசாரணை நடத்தியது. நோயாளிகளின் கண்ணீரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. ரசீதுகள் சாட்சி சொல்லின.

1988இல் சி.ஐ.ஏ. வழக்குத் தொடுத்த சிலருக்கு மொத்தம் 7,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 1992இல் கனடா அரசு 77 பேருக்குத் தலா 1,00,000 டாலர் கொடுத்தது. அதை இழப்பீடு என்று அரசு சொல்லவில்லை. சட்டப்படி தனக்குப் பொறுப்பு இல்லை, இரக்கத்தின் பேரில் கொடுக்கிறோம் என்றது. முற்றிலும் குழந்தை நிலைக்குத் தள்ளப்பட்டவர்க்கே அத்தொகை உரியது என்று விதித்ததால், விண்ணப்பித்த வேறு பலர் போதிய அளவு பாதிக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர்.

பென்ஃபீல்டின் நிலையம் தொடர்ந்து வளர்ந்தது. மண்டையோட்டைத் திறக்காமலே மூளை வேலை செய்வதைப் பார்க்க முயன்ற தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்று, 32 உணர்கருவிகளை வளையமாக அமைத்தது, அமெரிக்க அரசின் புருக்ஹேவன் ஆய்வுக்கூடத்திலிருந்து 1975இல் அங்கே வந்தது. பின்னாளில் 152 நல்ல உடல்நலமுள்ளவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைச் சராசரியாக்கி அந்நிலையம் உருவாக்கிய மூளை வரைபடத்தை உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துகின்றன. உலகில் எங்கோ ஓர் ஆய்வாளர் மூளையில் ஓரிடத்தைச் சுட்டும்போது, அறியாமலே மாண்ட்ரீலின் பெயரால் சுட்டுகிறார்.

பணமும் பெருகியது. 2013 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஒபாமா அறிவித்த மூளை ஆய்வுத் திட்டத்துக்கு முதலாண்டில் ஏறத்தாழ 10 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் பாதியளவு இராணுவத் துறையின் ஆய்வு அமைப்பின் பங்கு. போரில் மனம் உடைந்த வீரர்களுக்கு மூளைத் தூண்டலால் நிவாரணம் தேடுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. நல்ல நோக்கம்தான். கேமரனும் நோய் தீர்க்கவே தொடங்கினார் என்பதை மறக்கலாகாது. நடுக்குவாதத்துக்கு இன்று செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல், 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் மருத்துவர் பெனபித் தொடங்கிவைத்தது. அதில் பல நோயாளிகளைப் பென்ஃபீல்டைப் போலவே விழித்திருக்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, பேச்சுக் கொடுத்தே மின்முனையைப் பதிக்கிறார்கள்.

ஆலன் நிலையத்தில் உறங்கவைக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் இன்று உயிரோடில்லை. 2019இல் அவர்களுடைய குடும்பத்தார் மாண்ட்ரீல் நீதிமன்றத்தில் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். நோயாளிகளின் பிள்ளைகளே இப்போது முதியவர்கள். தங்கள் தாய் தங்களை ஏன் ஓர் அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் என்பதைப் பழைய மருத்துவக் குறிப்பேடுகளிலிருந்தே அவர்களுள் பலர் தெரிந்துகொண்டார்கள்.